தூண்டில் பழகுதல்

2025 ஜனவரியில் ஒரு பிற்பகல். இரண்டாம் ஆண்டு பி.ஏ. தமிழ் வகுப்பில் அகநானூற்றின் 216ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். ஐயூர் முடவனார் பாடியது, மருதத் திணை. தன்னை ஏசும் பெண்களுக்குப் பரத்தை ஒருத்தி சொல்லும் பதிலாக அமைந்த பாட்டு. அதன் தொடக்கத்தில், தலைவனின் ஊர் எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காக ஒரு பாண்மகள் வருகிறாள். கையில் மெலிந்த தூண்டிற்கோல். நீர்க்கரையில் அவளே ஒரு விராலைப் பிடிக்கிறாள். கள் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பனுக்கு அதை வஞ்சி விறகில் சுட்டு ஊட்டுகிறாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. பாட்டு தலைவனிடமும் பரத்தையிடமும் போய்விடுகிறது.

நானும் போய்விடுவேன். பதினெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் அந்தப் பாட்டை நடத்தி வந்திருக்கிறேன். அன்று மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“அம்மா, விரால் ரொம்ப இழுக்கும்மா. அவ்ளோ மெலிசான கோல்ல அந்தப் பொண்ணு எப்படிம்மா தூக்கினா? கோல் முறிஞ்சிடாதா?”

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. “புலவருடைய கற்பனைதான்” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு புலவர் மரத்தின் பெயரைச் சொல்கிறார், மீனின் பெயரைச் சொல்கிறார், கோலின் பருமனைச் சொல்கிறார். இவ்வளவு விவரமாகச் சொன்னவரை, வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடித்திராத நான் கற்பனை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டேன்.

அன்று இரவு என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். சங்கப் பாடல்களில் பெண்களின் காத்திருப்பு என்பதுதான் என் தலைப்பு. பிரிந்து போனவன் திரும்பி வரும்வரை ஆற்றியிருக்கும் முல்லைத் தலைவிக்கு மட்டும் இரண்டு இயல்கள் எழுதியிருந்தேன். பாண்மகள் எங்கே என்று தேடினால், பின்னிணைப்பில் ‘தொழில் மகளிர்’ என்ற அட்டவணையில் ஒரு வரியாக இருந்தாள். மீன் பிடித்தல், விற்றல். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் காட்டும் பாண்மகளிரும், விராலும் கெடிறும் கொண்டுவந்து கொட்டி நெல்லும் பயறும் வாங்கிப் போகிறார்களே அவர்களும், அதே வரிக்குள் அடங்கியிருந்தார்கள்.

மலைபடுகடாமையும் புரட்டினேன். அது எங்கள் மாவட்டத்துப் பாட்டு. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது. நவிர மலை என்று அது சொல்வதைத்தான் இன்று பருவதமலை என்கிறோம். நன்னன் நாட்டு மருத நிலத்தைக் கடக்கிறவர்களுக்கு என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், நீண்ட கயிறு கட்டிய தூண்டில் போட்டுப் பிடித்த விரால் வருகிறது. அந்த விராலின் பருமனுக்குப் பெண் யானையின் துதிக்கையை உவமை சொல்கிறார் புலவர். தூண்டில் போட்டவர்களைக் குறிக்கும் சொல் பலர்பால். ஆணா பெண்ணா என்று அது பிரிக்காது. இத்தனை ஆண்டுகளும் அங்கே ஆண்களை நிற்க வைத்துப் படித்தது நான்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவி துறை வாசலில் நின்றாள். “அம்மா, எங்க ஆயா இன்னமும் தூண்டில் போடும். ஞாயித்துக்கெழம வர்றீங்களா?” எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி.

*

அவர்கள் ஊர் தண்டராம்பட்டு சாலையில், பேருந்தைவிட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். அந்த ஆண்டு ஏரிகளெல்லாம் நிறைந்திருந்தன. அதைச் சந்தோஷமாகச் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலை சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அதே மழைதான் இந்த ஏரியையும் கலங்கல் தாண்டி ஓட வைத்திருந்தது.

ஆயா மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது இருக்கும். முழங்காலுக்குமேல் புடவையைச் சொருகியிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா, காலேஜுல மீன் புடிக்கச் சொல்லித் தர்றதில்லியா?”

“இல்ல ஆயா. அதான் வந்தேன்.”

முதலில் தூண்டிலின் பாகங்களைச் சொல்லிக்கொடுத்தார். கழி, கல் மூங்கிலின் நுனிப் பகுதி. வெட்டி நிழலில் காயவைத்தது. நரம்பு, கழி நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக. முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயம். அதற்கும் மேலே தக்கை. ஆயாவின் தக்கை மயிலிறகுத் தண்டில் வெட்டிய ஒரு துண்டு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கையைவிட அது லேசு, சின்ன மீன் தொட்டாலும் ஆடும். தக்கையை மேலே தள்ளினால் முள் ஆழத்துக்குப் போகும், கீழே தள்ளினால் மேலோட்டமாக நிற்கும். இரை, வாழைமரத்தடி ஈரமண்ணில் தோண்டிய மண்புழு. அதை முள்ளில் கோர்க்கும்போது நுனி வெளியே தெரியக் கூடாது, வால் மட்டும் கொஞ்சம் தொங்கி நெளிய வேண்டும். கெண்டைக்குப் பிசைந்த மைதா மாவு போதும்.

முதல் புழுவைக் கோர்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. இரத்தம் வந்தது, என் விரலிலிருந்து. ஆயா சிரிக்கவில்லை. “முள்ளப் புடிக்காத, புழுவப் புடி. முள்ளு அங்கியே நிக்கும், புழுதான் நவுரும்” என்றார்.

அதன்பிறகு தக்கை. இதுதான் பாடத்தின் பெரும்பகுதி. தக்கை நின்ற இடத்திலேயே பொடிப்பொடியாக ஆடினால் ஜிலேபிக் குஞ்சுகள் புழுவைக் கொறிக்கின்றன, இழுத்துப் பயனில்லை. படுத்திருந்த தக்கை மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து போனால் கெளுத்தி. விட்டு விட்டு இரண்டு மூன்று முறை அமிழ்ந்து எழுந்தால் கெண்டை. ஒரே முறையில் காணாமல் போனால் அப்போது இழுக்க வேண்டும். தோளால் இழுக்கக் கூடாது, மணிக்கட்டால்.

“மொத முட்டுக்கு இழுக்காத. அது ருசி பாக்குது. ரெண்டாவது முட்டுக்கும் இழுக்காத. அது யோசிக்குது.”

நான் முதல் முட்டுக்கே இழுத்தேன். அன்று முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது புழுக்கள் தீர்ந்தன. மீன் ஒன்றும் வரவில்லை. பதினோராவது வகுப்பிலிருந்து மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் உட்கார்ந்து வாழ்ந்த உடம்புக்கு, ஏதாவது அசைந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டியிருக்கிறது. பால் பொங்கினால் ஓடுவது, குழந்தை சிணுங்கினால் திரும்புவது, கைபேசி அதிர்ந்தால் எடுப்பது என்று எதிர்வினைக்கே பழக்கிவைத்த கை அது. பொறுத்திருக்கிற பெண்களைப் பற்றி முந்நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியவளுக்கு ஒரு தக்கையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை.

*

இத்தனைக்கும் என்னை அழைத்துவந்த மாணவி கீழே இறங்கவே இல்லை. ஏரிக்கரை மேட்டில் பனைமரத்தடியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயும் வாயேன்” என்றேன். “இல்லம்மா, நீங்க பழகுங்க” என்றாள்.

ஆயாதான் சொன்னார். “அவ எட்டு வயசுலியே என்னியவிட நல்லா போடுவா. ஒரு வெரால ஒண்டியா இழுத்துப்போட்டா. குத்தவச்ச அன்னியோட நின்னுபோச்சி.”

ஊர் சொல்லும் காரணம், தீட்டோடு தண்ணீரில் இறங்கினால் கரையில் இருக்கும் கன்னிமார் கோபித்துக்கொள்வார்கள் என்பது. ஏழு கன்னிமார், ஏழு செங்கல்லாக, வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏரியைக் காப்பவர்கள் ஏழு பெண்கள். அதே கரையில் வயதுக்கு வந்த ஒரு பெண் உட்காரக் கூடாது. தீட்டுதான் காரணமென்றால் மாதத்தில் மற்ற நாட்களில் வரலாமே என்று கேட்டேன். ஆயா என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியை அவரும் ஒருகாலத்தில் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

“தீட்டெல்லாம் சும்மாம்மா. கொமரிப் பொண்ணு ஏரிக்கரையில ஒக்காந்தா யாருக்கோ காத்துகினு கீறான்னு சொல்லுவானுங்க.”

ஆயாவுக்கும் அப்படித்தான் நின்றது. பதிமூன்று வயதில். பிறகு கல்யாணம், ஐந்து பிரசவம், நடவு, களை, அறுப்பு. ஏரியை ஒட்டிய வயல்களிலேயே நாள் முழுதும் கூலிக்குக் குனிந்திருந்தவர் ஒருநாளும் அந்தக் கரையில் தூண்டிலோடு உட்காரவில்லை. வேலை செய்கிற பெண் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சேற்றில் நிற்கலாம், அதில் யாருக்கும் மானக்கேடு தெரியவில்லை. அவர்கள் தெருவை ஊர் இன்னமும் ‘காலனி’ என்றுதான் சொல்கிறது. அந்தத் தெருப் பெண்கள் வெளியில் நிற்பதை ஊர் தடுக்காது, அவர்கள் உழைப்பு அதற்கு வேண்டும். அவர்கள் சும்மா உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். கணவர் இறந்து, விலக்கும் நின்று, மகன்கள் தனிக்குடித்தனம் போன பிறகு ஆயா மறுபடி மூங்கில் வெட்டினார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு.

பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் என்னைக் கேட்டார். “ஒனக்கு நின்னுபோச்சா?”

“இன்னும் இல்ல ஆயா. நாப்பத்தாறுதான் ஆவுது.”

“அப்ப நீ சீக்கிரமே வந்துட்ட.”

இந்த ஒரு வாக்கியத்தோடு அன்று பேருந்தில் திரும்பினேன். அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. பதிமூன்றுக்கு முன்னால் கரை நம்முடையது. ஐம்பதுக்குப் பின்னால் மறுபடி நம்முடையது. நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், உடம்பில் வலு இருக்கிற, கண் தெளிவாகத் தெரிகிற, மணிக்கட்டு சொன்னபடி கேட்கிற ஆண்டுகள், கரையில் இடமில்லை. அந்த நாற்பது ஆண்டுகளிலும் பெண்களுக்கு மீனோடு உள்ள தொடர்பு அறுவதில்லை. மீனை ஆய்வதும் கழுவுவதும் குழம்பு வைப்பதும், கூடையில் வைத்து விற்பதும் நாம்தான். எங்கள் ஊர் மீன் அங்காடியில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களைப் பார்க்கலாம். தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் மட்டும்தான் நமக்கு மறுக்கப்படுகிறது.

*

பிப்ரவரியிலிருந்து ஞாயிறுதோறும் போனேன். ஏரியின் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் ஆள் ஒருநாள் வந்து விசாரித்தான். அவர்கள் குஞ்சு வாங்கி விட்ட கட்லா, ரோகு, மிர்காலைத் தொடக் கூடாது, மாட்டினால் விட்டுவிட வேண்டும். தானாக வளரும் கெளுத்தி, ஜிலேபி, விரால் தூண்டிலில் வந்தால் பரவாயில்லை. இது ஆயாவோடு அவனுக்கிருந்த பழைய ஒப்பந்தம். என்னிடம் அவன் கேட்டது வேறு.

“மேடம், யாருக்காவது வெயிட் பண்றீங்களா?”

அடுத்த ஞாயிறு சைக்கிளில் போன பெரியவர் ஒருவரும் கேட்டார். அதற்கடுத்த வாரம் கரையின் மறுபக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மூன்று இளைஞர்களில் ஒருவன் கேட்டான். அவன் கையிலும் கழி இருந்தது, என் கையிலும் கழி இருந்தது. அவன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. நான் மீன் பிடிக்கிறேன் என்பது கண்ணுக்கு முன்னால் இருந்தும் போதவில்லை. ஒரு பெண் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் காத்திருப்பின் மறுமுனையில் ஒரு மனிதன் இருந்தாக வேண்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்கியவள் நான். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். கணவன் வரும்வரை ஆற்றியிருத்தல். அதற்காக ஒரு நிலம், ஒரு பொழுது, ஒரு பூ, ஒரு தெய்வம் என்று முழுத் திணையே கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டுகளின் அழகை நான் மறுக்கவில்லை, இன்றும் அவற்றை நடத்தும்போது குரல் தழுதழுக்கிறது. ஆனால் தனக்காக, ஒரு விராலுக்காகக் கோலோடு காத்திருந்த பெண்ணுக்குத் திணை இல்லை. அவள் ஒரு ஊரனுக்கு அடைமொழியாக வருகிறாள். இலக்கணப்படி அந்த நீண்ட வாக்கியத்தில் அவளை எடுத்துவிட்டாலும் பொருள் கெடாது. பிடித்த மீனைக்கூட அவள் தின்றதாகப் பாட்டில் இல்லை. அப்பன் தின்கிறான்.

இருந்தாலும் முடவனார் ஒன்று செய்திருக்கிறார். அவள் கையில் இருந்த கோல் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனுக்கு வருவதற்கு முன்னால் இன்னொரு கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

என்னோடு எம்.ஃபில். படித்த தோழி கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நான் தூண்டில் பழகுவதைச் சொன்னதும் அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது, பின்னணியில் காற்று சீறியது. “நான் இப்ப ஏரி மேலயே உக்காந்திருக்கேன்டி.”

வின்னிபெக் ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். தெளிந்த பனிக்கட்டி நான்கு அங்குலமாவது இருந்தால்தான் மேலே நடக்கலாம். கையால் சுற்றும் துரப்பணத்தால் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பிடிப்பது வாலாய் என்ற மீன். அங்கே பிக்கரல் என்றும் சொல்வார்களாம். அதன் கண்ணுக்குள் பூனையின் கண்ணைப்போல ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும் என்பதால் விடியலிலும் அந்தியிலும்தான் இரை தேடி வரும். இரையைத் தரைமட்டம்வரை இறக்கி, ஓரடி தூக்கி, மெல்ல இரண்டு அசைப்பு அசைத்துவிட்டு நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அசைக்கும்போது கடிக்காது, நிறுத்தியிருக்கும்போதுதான் கடிக்கும்.

அவளைக் கூட்டிப்போனது உடன் வேலை செய்யும் பெண்கள். “யாராவது கேக்கறாங்களா, யாருக்கு வெயிட் பண்றேன்னு?” என்று கேட்டேன். சிரித்தாள். “எல்லாரும் மூட்டை மாதிரி போத்திக்கிட்டிருக்கோம். கண்ணு மட்டும்தான் தெரியுது. நான் ஆம்பளையா பொம்பளையான்னே எவனுக்கும் தெரியாது.”

உடம்பு முழுவதும் மறைந்த பிறகு கிடைக்கிற சுதந்திரம் அது என்பதை இருவருமே கவனித்தோம். பிறகு, இரண்டு பெண்கள் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினால் எங்கே போய் நிற்குமோ அங்கே போய் நின்றோம். ஒன்றுக்குப் போவது. அங்கே சின்னக் கூடாரமும் ஒரு வாளியும், அதற்குள் நான்கு அடுக்கு உடையைக் கழற்றும் போராட்டம். இங்கே, ஆண்கள் நின்ற இடத்தில் திரும்பிக்கொள்வார்கள், நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவேன். ஆயாதான் சீமைக்கருவேல மறைவு ஒன்றைக் காட்டிக்கொடுத்து, என் வரிசை முடியும்வரை முதுகைக் காட்டிக் காவல் நின்றார். பெண்களுக்கு ஏன் மீன்பிடிப்பில் ஆர்வமில்லை என்று கேட்கிறவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

அவள் அனுப்பிய படத்தில் தூண்டிற்கோல் ஒரு கை நீளம்தான் இருந்தது. நுனி பென்சில் ஈயத்தைப்போல மெலிந்திருந்தது. கையில் பிடித்திருந்த மீன் முழங்கை நீளம்.

“இவ்ளோ மெலிசு எப்படித் தாங்குது?”

“நுனி வளைஞ்சாத்தான்டி தாங்கும். தடியா இருந்தா நரம்பு அறுந்துடும். அதோட, குளிருல மீனு ரொம்ப மெதுவாத்தான் தொடும். மெலிசா இருந்தாத்தான் அது கைக்குத் தெரியும்.”

ஆயாவிடம் இதைச் சொன்னேன். “பின்ன?” என்றார், இதைக் கேட்கக் கனடாவுக்கா போனாய் என்பதுபோல. விரால் மாட்டும்போது கழியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மீன் ஓடும், கழி வில்லாக வளையும், ஓடி ஓடிக் களைத்த பிறகு கரைக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். தடித்த கழி வளையாது, மீனின் மொத்த இழுப்பும் நரம்பிலும் முள்ளிலும் போய் விழும், ஏதாவது ஒன்று போய்விடும்.

ஆக, பாட்டில் அந்தக் கோலுக்கு வந்த அடைமொழி அழகுக்காக வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியும் என்பதற்கு அது சான்று. பதினெட்டு ஆண்டுகள் அதைக் கொடியிடை மாதிரி ஒரு மென்மையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெண் கையில் இருக்கிற பொருள் மெலிந்திருந்தால் அது நளினம் என்று நினைக்க எனக்கு எப்படியோ பழக்கமாகியிருந்தது. (வளைகிறதே தாங்குகிறது என்பதைப் பெண்களுக்கான அறிவுரையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மூங்கிலைப் பற்றியது.)

*

மார்ச் மாதக் கடைசியில் எனக்கு முதல் மீன் கிடைத்தது. ஒரு சாண் கெளுத்தி. தக்கை நகர்ந்தது, பொறுத்தேன். இன்னும் நகர்ந்தது, பொறுத்தேன். அமிழ்ந்தது. மணிக்கட்டைத் திருப்பினேன். கழி வழியாக ஒரு துடிப்பு கைக்கு ஏறியது. சந்தோஷத்தில் அப்படியே பிடிக்கப் போய், செவுளோரத்து முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். கடுப்பு மணிக்கணக்கில் நிற்கும். பக்க முட்களுக்குப் பின்னால் விரல் கொடுத்துப் பிடிக்க வேண்டும் என்று ஆயா மூன்று முறை சொல்லியிருந்தார்.

“துடிக்க உடாத. புடிச்சது நீ. முடிக்கிறதும் நீதான்.” கல்லை எடுத்துக் கொடுத்தார். ஒரே அடியில் முடிக்க எனக்கு முடியவில்லை, இரண்டு ஆயிற்று. வாழ்நாள் முழுவதும் மீன் தின்றிருக்கிறேன், கொன்றதில்லை. அன்று கை நடுங்கியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் செத்த மீனை ஆய்வது பெண்ணுக்கு இயல்பு, உயிருள்ள மீனைக் கொல்வது பெண்ணுக்கு ஒவ்வாதது என்று நமக்குள் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறோமே, அதில் கருணை எவ்வளவு, வேலைப் பிரிவினை எவ்வளவு என்று யோசித்தேன்.

கெளுத்தி என் வீட்டுக்கு வர முடியாது. கிரிவலப் பாதைக்கு அருகே நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் முதல் நிபந்தனை அசைவம் கூடாது என்பது. எங்கள் ஊரில் வீடு தேடியவர்களுக்கு இது புதிதில்லை. அந்தக் கேள்வி சாதியைக் கேட்காமல் சாதியைக் கேட்கும் வழி என்பதும் தெரியும். அதனால் மீன் ஆயா வீட்டுக்குப் போனது. மாணவியின் அண்ணன் ஆய்ந்தான், ஆயா குழம்பு வைத்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக, மீன் வந்த நாளில் நான் சமையலறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். தட்டு வந்தது. நான் பிடித்த மீனை நானே தின்றேன்.

இன்னொன்றும் அந்த மாதத்தில்தான் பார்த்தேன். தாமரை இலை ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்து நீர்மேல் கொப்பளித்தது. விரால் குஞ்சுகள். அதன் நடுவில் தூண்டிலைப் போட்டால் காவல் இருக்கும் பெரிய விரால் ஆத்திரத்தில் வந்து கடித்துவிடும், மிகச் சுலபம். ஆயா போட விடமாட்டார். “அத்தப் புடிச்சா அத்தினியும் போச்சி.” தாய்ப்பாசம் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். “அப்பனும்தான் காவ காக்கும்” என்று திருத்தினார். பிறகு படித்துப் பார்த்தேன், உண்மைதான். விராலில் ஆணும் காவல் இருக்கும்.

*

அடுத்த கல்வியாண்டில் அதே பாடல் வந்தபோது ஆயா வெட்டிக்கொடுத்த கழியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். துறைத்தலைவர் அறையைத் தாண்டும்போது சிலர் சிரித்தார்கள். மேசைமேல் வைத்துவிட்டு, இதைக் கையில் பிடித்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். முப்பத்தெட்டுப் பெண்களில் பதினொரு கைகள் உயர்ந்தன, முதலில் தயங்கித் தயங்கி. கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்று கேட்டேன். ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு லீவில். யாரும் ஒன்பதைத் தாண்டவில்லை. ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அந்தப் பாட்டையே நடத்தினோம்.

அந்த மாணவி இப்போது மூன்றாம் ஆண்டு. வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றாள். கழியை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தாள்.

“அம்மா, கட்டைவிரல மேல வைக்காதீங்க. அது உங்களுக்கு மணிக்கட்டத் திருப்ப விடாது.”

“எப்படி வைக்கணும்?”

வாங்கிக் காட்டினாள். எட்டு ஆண்டு கழித்து அந்தக் கை கழியைப் பிடித்தது. எதையும் மறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நுனியை வளைத்துப் பார்த்தாள்.

“இது கெண்டைக்குச் சரிம்மா. வெராலுக்கு இன்னும் ஒரு முழம் நீளம் வேணும். நான் வெட்டிட்டு வர்றேன்.”